உப்பைத் தின்ற வண்டி

நாலு மணிக்கு ஆள் வருகிறது,
அதற்குள் புதுசுபோல ஆக்கு என்கிறாய்.
இப்போது மூன்றரை.
ஆகும், எத்முந்தோ, இருபது நிமிடம் போதும்.
முதலில் சாவித் துவாரத்தில் டேப் ஒட்டு.
புகைக்குழாய் வாயில் இந்தக் கந்தலைத் திணி.
அவசரக்காரர்கள் எல்லாரும்
இந்த இடத்தில்தான் நேரத்தைத் தொலைப்பார்கள்.

உயுனியில் இது ஜூலை.
வெயில் கண்ணைப் பறிக்கும், விரல் விறைத்துப்போகும்.
காலையில் ஹோஸுக்குள் உறைந்து கிடந்ததை
மிதித்து மிதித்து உடைத்தேன்,
வறுத்த சோளம் பல்லில் அரைபடும் சத்தம்.

வெந்நீர் கேட்காதே.
சூடு பட்டால் உப்புக்கு உயிர் வரும்,
அலுமினியத்துக்குள் குடிபுகுந்துவிடும்.
பச்சைத் தண்ணீர்தான், மேலிருந்து கீழே,
பீய்ச்சாமல்.
பீய்ச்சினால் அது பேரிங்கைத் தேடிக்கொண்டு போகும்.
தவிர, டிரம் தண்ணீருக்கு
லாரிக்காரன் கேட்கிற காசு உனக்கே தெரியும்.
ஊறவிட வேண்டும்.
கோபித்துக்கொண்டவரிடம் பேசுகிற மாதிரி:
கொஞ்சம் சொல்லி, கொஞ்சம் விட்டு, மறுபடி சொல்லி.

எவ்வளவு தின்றிருக்கிறது இது!
மட்கார்டின் உள்வயிற்றில், ஸ்போக்குகளின் காலடியில்,
இன்ஜினின் விலா இடுக்குகளில்.
நேற்றைய உப்பு மாவுபோல உதிரும்.
இது கல்.
"நேற்றுதான் சலாருக்குப் போனேன்" என்கிறாய்.
சரி.

அந்தப் பக்கம் பார்,
தண்டவாளம் தீர்ந்துபோகிற இடத்தில்
பழைய ரயில் எஞ்சின்கள்.
அவற்றை யாரும் குண்டு வைத்து உடைக்கவில்லை.
யாரும் கழுவவில்லை,
அவ்வளவுதான்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்.
குடி, குடி.
வெள்ளை வெள்ளையாய் ஓடுகிறது,
பிறகு சாம்பல் நிறத்தில்,
பிறகு தண்ணீர் தண்ணீராகவே.
சோப்பை ஒற்றி எடுக்கிறேன், செயினுக்கு மண்ணெண்ணெய்த் துணி,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,

இது என்ன?

ஸ்பாஞ்சு மாட்டி இழுக்கிறது.
கால்மிதிக்கு மேலே, சட்டம் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில்
ஒரு மயிரிழை.
டீக் கறைபோல ஓரம் பழுத்த கோடு.
கட்டை விரலால் அழுத்தினால்
உள்ளே இன்னும் ஈரம்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்க்கிறாய்.
"அங்கே கொஞ்சம் கிரீஸ் அப்பிவிடு, காசில்தா.
முப்பது பொலிவியானோ கூடத் தருகிறேன்."

வாங்க வருகிறவளை எனக்குத் தெரியும்.
போன வாரம் இங்கே நின்று
டயர் என்ன விலை என்று விசாரித்தாள்.
கொல்சானி சுகாதார நிலையத்தில் உதவி நர்ஸ்,
பெயர் சுல்மா.
பிரசவ வலிக்குப் பகல் ராத்திரி தெரியாது,
அவளுக்கு ஒரு வண்டி வேண்டும் என்றாள்.
சிரித்தபோது ஒரு பல் தெற்றியிருந்தது,
ஏனோ அது நினைவிருக்கிறது.

நான் எண்ணெய் பூசுகிறவள்.
டீசலும் எண்ணெயும் கலந்து, துணியில் நனைத்து
வண்டியின் அடிவயிறு முழுக்க மெல்லிசாய்த் தடவுவேன்.
பிரேக் தட்டில் படாமல்,
டயரில் ஒரு சொட்டும் சிந்தாமல்.
அது போர்வை.
நீ கேட்பது முக்காடு.

கோபப்படாதே, கந்தலை எடு,
இன்ஜினை ஓடவிடு, சூட்டில் காயட்டும்.
எல்லா இடமும் பூசியாயிற்று.
அந்த ஒரு சாண் மட்டும்
சுத்தமாய், உலர்வாய், வெயில் படும்படி விட்டிருக்கிறேன்.

இந்தா உன் முப்பது.
கழுவுகூலி எடுத்துக்கொண்டேன், அதில் குறையில்லை.
வெல்டிங் செய்கிற ஃபௌஸ்தோவின் கொட்டகை
மூன்று தெரு தள்ளி, ஆறு மணிவரை திறந்திருக்கும்.
விலையைக் குறைத்துச் சொன்னாலும் வாங்குவாளோ என்னவோ,
அது உங்கள் இருவர் பாடு.

இருபது நிமிடம் சொன்னேன்,
பதினெட்டில் முடிந்தது.
மிச்சம் இரண்டை நீ வைத்துக்கொள்.
கேட்டில் யாரோ தட்டுகிறார்கள்,
சீக்கிரமே வந்துவிட்டாள்போல.